பதினைந்து விநாடிப் பாட்டுக்காரர்

மொன்றியலில் சென் லோரன் தொழிற்பேட்டையிலிருந்து நான் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜுக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பேருந்து ஓடாமல் இல்லை. எனக்குத்தான் ஏற மனமில்லை. ஒரு வேலையை விட்டு வருகிற நாளில் நடப்பது என் பழக்கம். கல்கரியில் இறைச்சித் தொழிற்சாலையை விட்டபோதும் நடந்தேன், ரொறன்ரோவில் கோழிக்கடையை விட்டபோதும் நடந்தேன். நடந்து முடிவதற்குள் அந்த வேலை உடம்பிலிருந்து இறங்கிவிடும்.

அது ஒக்டோபர் மாதம். கம்பனி ஜாக்கெட்டை மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்ததால் குளிர் நேராக நெஞ்சில் அடித்தது. டெக்காரி நெடுஞ்சாலைக்கு மேலே போகிற பாலத்தில் ஏறியபோதுதான் கவனித்தேன், நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறேன். ஜப்பானில் கோடைகாலத்தில் பார்லித் தேநீர் விற்பதற்காகத் தொலைக்காட்சியில் போடுகிற பாட்டு. நான் ஜப்பானுக்குப் போனதில்லை. பார்லியில் தேநீர் வைப்பார்கள் என்பதே ஏழு மாதத்துக்கு முன்பு எனக்குத் தெரியாது. எல்லாம் அவரால் வந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கோட்-டெ-நெய்ஜ் மாடிக் கட்டடங்களில் இருந்த எங்கள் ஆட்களும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. யப்பான் அண்ணை என்றால் போதும். திருகோணமலைப் பக்கத்து ஆள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, வேகமாக நடக்கிற மனிதர். மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேலேதான் இருக்கும். கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார்.

காசு போட்டால் குளிர்பானம் தள்ளுகிற இயந்திரங்களுக்குப் போத்தலும் தகர ரின்னும் நிரப்புவது அவருடைய வேலை. ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், உடுப்புத் தோய்க்கும் கடை, பனிச்சறுக்கு அரங்கு என்று இருபத்தெட்டு இயந்திரங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. அவருக்கு முதுகில் ஏதோ பிடிப்பு வந்தபோது பெட்டி தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கையெல்லாம் தோல் உரிந்து நின்றேன். அவர் ஓட்டிய கம்பனி வானில் ஏறிவிட்டேன்.

முதல் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தரைத்தளத்து இயந்திரத்தின் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் வரிசைகள். ஒரு ரின்னையும் தொடாமல் நின்று, மெல்லிய குரலில் ஒரு பாட்டை எடுத்தார். குரல் நன்றாக இருந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. சரியாக மேலே ஏறுகிற இடத்தில் பாட்டை வெட்டி, நாக்கை அண்ணத்தில் அடித்து ரின் திறக்கிற சத்தம் எழுப்பினார். பிறகு முதல் வரிசையை நிரப்பினார். அடுத்த வரிசைக்கு வேறு பாட்டு. அதுவும் பாதியில் வெட்டு, ரின் சத்தம்.

"என்ன அண்ணை, தேவாரமோ?"

"பியர் பாட்டு."

"காலமை எட்டு மணிக்கோ?"

"பாட்டுத்தான் பியர், மச்சான். வரிசையில கிடக்கிறது கோலா. நீ பெட்டியத் தூக்கு."

அவர் ஒன்பது வருடம் ஜப்பானில் இருந்தவர். சுற்றுலா விசாவில் போய், விசா முடிந்த பிறகும் தோக்கியோவுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலை ஊரில் தங்கிவிட்டார். அங்கேயும் இதே வேலைதான். அந்த ஊரில் தெருவுக்கு நான்கு இயந்திரம், வயல் வரம்பில்கூட ஒன்று நிற்கும் என்பார். ஆறு பேர் ஒரு அறையில் படுத்தார்கள். அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது.

"செய்தி விளங்காது. நாடகமும் விளங்காது, ஆர் புருசன் ஆர் பொஞ்சாதியெண்டே தெரியாது. விளம்பரம் மட்டும் விளங்கும். ஏனெண்டா கடைசியில ஒரு போத்தலக் காட்டிருவான்."

அந்த நாட்டில் புதுப்பாட்டு ஒன்று வெளிவரும்போது முதலில் ஒரு பானத்தின் விளம்பரத்தில்தான் வருமாம். பெரிய பெரிய பாடகர்கள் எல்லாம் அப்படித்தான். பாட்டில் இனிப்பான பகுதி எதுவோ அதை மட்டும் பதினைந்து விநாடிக்கு வெட்டிப் போடுவார்கள். சனம் அதைக் கேட்டு மயங்கி, மறுவாரம் கடையில் முழுப்பாட்டை வாங்கும். பானம் முந்தியா பாட்டு முந்தியா என்று அங்கே எவருக்கும் தெரியாது என்றார் அவர். கோடை வருகிறதென்றால் முதலில் பியர்க் கம்பனியின் புதுப்பாட்டு வரும். அதற்குப் பிறகுதான் வெயில் வரும்.

பாட்டுகளை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். சூட்டுப் பாட்டு, குளிர்ப் பாட்டு. அங்கே ஒரே இயந்திரத்தில் ஒரு பக்கம் சூடான கோப்பி ரின்னும் மறுபக்கம் குளிர்ந்த தேநீரும் விழுமாம். சூட்டுப் பாட்டை ஆண்தான் பாடுவான். வேலை முடிந்து கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு லொறியில் சாய்ந்து நிற்கிறவனுடைய குரல் அது. குளிர்ப் பாட்டைப் பெரும்பாலும் பெண் பாடுவாள், அதில் யாராவது கட்டாயம் ஓடுவார்கள்.

"ஏன் அண்ணை ஓடுறாங்கள்?"

"ஓடினாத்தானே விடாய்க்கும்."

இந்தப் பாட்டுகளையெல்லாம் அவர் மொன்றியலுக்குக் கொண்டுவந்து இங்குள்ள பானங்களுக்குப் பங்கிட்டிருந்தார். தண்ணீர்ப் போத்தலுக்குப் பார்லித் தேநீர்ப் பாட்டு. சொக்லேட் பாலுக்கு ரின் கோப்பிப் பாட்டு. மேப்பிள் மரத்துத் தண்ணீர் என்று ஒன்றை இங்கே விற்கிறார்கள். அதற்கு விஸ்கிப் பாட்டு, கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடுவது. ஒவ்வொரு இயந்திரத்திலும் எந்த வரிசையில் எது என்பது அவருக்கு ஒரு பாட்டு மாலையாக நினைவில் இருந்தது. இருபத்தெட்டு இயந்திரத்துக்கு இருபத்தெட்டு மாலை. ஒருநாளும் வரிசை தவறியதில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற ஹெயிட்டிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அவருக்கும் பொதுவாக "பொன்ஜூர்", "மெர்சி" தவிர ஒரு சொல் கிடையாது. ஆனால் ஐந்தாம் மாடி இயந்திரத்தில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அவள் தூரத்திலிருந்தே அந்தப் பானத்தின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாம் மாடிக்குப் போவார். நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் தெரு நெரிசலில் வான் நின்றபோது அவருடைய கோப்பிப் பாட்டை என் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். முழுப்பாட்டு, ஐந்து நிமிடம். அவர் மகிழ்வார் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். அவருக்குத் தெரிந்த இடம் வந்தது. கூடப் பாடினார். ரின் சத்தமும் எழுப்பினார். ஆனால் பாட்டு நிற்கவில்லை, பாடகன் தொடர்ந்து போனான், குரல் உடைந்தது, பின்னால் வயலின்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

"நிப்பாட்டு மச்சான்."

"இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு, அண்ணை."

"நிப்பாட்டு. இதுக்கு அங்கால அவன் அழுறான். அது அவன்ர வீட்டுப் பிரச்சினை. எனக்கு ரின் திறந்தாச்சு."

ரின் திறந்தாச்சு என்பது அவர் அடிக்கடி சொல்வது. எதையும் நீட்ட அவருக்குப் பிடிக்காது. செத்த வீட்டுக்குப் போனால் கதிரையில் இருந்து, "நல்ல மனுசன்" என்று ஒரு சொல் சொல்லி எழும்பிவிடுவார். கூடப் போகிற எனக்குத்தான் வெட்கம். முன்பு அறையில் கூட இருந்தவன் ஒருவன் அவருடன் சண்டை பிடிக்க வந்து அரைமணி நேரம் கத்தினான். இவர் சோற்றை இறக்கிவிட்டுத் திரும்பி, "ஓம், பிழைதான்" என்றார். வந்தவனுக்கு மேலே கத்த ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

மனைவியோடும் அப்படித்தான். நாற்பத்தெட்டு வயதில், மட்டக்களப்புப் பக்கத்து ஒரு பெண்ணைப் பேசி, ஊருக்குப் போய்க் கட்டி, மூன்று கிழமையில் திரும்பி வந்தவர். அவளை இங்கே கூப்பிட ஒரு வக்கீலை வைத்து விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போன் எடுப்பார். ஒவ்வொன்றும் கால் நிமிடம்.

"என்ன கறி?"

"நெத்தலி. உங்களுக்கு நேத்து ஒரு மெசேஜ் போட்டனே, பாத்தீங்களா?"

"பாத்தன், பாத்தன். நல்லாயிருந்திச்சு. வைக்கிறன்."

வைப்பதற்கு முன் ஒரு பாட்டு. பெரும்பாலும் சூட்டுப் பாட்டு. ஒருமுறை அவள் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. "இந்த மனுசன் போன் எடுக்கிறது மணி அடிச்சிட்டு ஓடுற பொடியன் மாதிரி."

நான் சேர்ந்து மூன்றாம் மாதம், எலுமிச்சைத் தேநீர்க் கம்பனி தன்னுடைய மஞ்சள் ரின்னைப் பச்சையாக மாற்றியது. பெட்டியை உடைத்து ஒரு ரின்னைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பாட்டு வரவில்லை. ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மச்சான்?"

"அதில எழுதிக் கிடக்குத்தானே."

"கண்ணாடிய வீட்ட விட்டிட்டன்."

"அண்ணை, கண்ணாடி உங்கட தலையில கிடக்கு."

அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். சிரித்தார். பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவருடைய ஊரில் பள்ளிக்கூடம் மூன்று முறை மூடப்பட்டதாம். "மூண்டாந்தரமும் திறந்தாங்க. நான்தான் மறுகா போகயில்ல," என்றார். அப்போது அவருக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு மீன்வாடி, சீமெந்து, கப்பல், ஜப்பான். இலக்கம் தெரியும். எழுத்துத் தெரியாது, எந்த மொழியிலும். ஜப்பானில் அது ஒரு குறையாக இருக்கவில்லை, வெளிநாட்டுக்காரன் எவனுக்கும் வாசிக்கத் தெரியாது என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார். ரின்னின் நிறமும் பாட்டும் போதும். இங்கே வந்த பிறகுதான் மருந்துக்கடையில் கண்ணாடி வாங்கினார். வெறும் கண்ணாடி. எவராவது ஒரு தாளை நீட்டினால் எதையாவது மறந்துவிட்டு வரவேண்டுமே.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரிய படிப்பாளி என்று அன்று முதல்முறையாக உணர்ந்தேன். அது அவ்வளவு நல்ல உணர்வாக இல்லை.

"அப்ப அக்காவின்ர மெசேஜ்?"

அவர் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில் வானை நிறுத்தி, அவருடைய மனைவியின் மூன்று வருடத்து மெசேஜ்களை மேலிருந்து வாசித்தேன். அவர் ஒவ்வொன்றையும் கோழிக்குழம்பு, கோயில் திருவிழா, நல்லநாள் வாழ்த்து என்று நினைத்திருந்தாராம். அவள் கேட்டிருந்தது வேறு. அங்கே வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்? எனக்கு என்ன வேலை கிடைக்கும்? என்ன கேட்டாலும் பாட்டுத்தானா பதில்? கடைசியாக முந்தின நாள் எழுதியது: 'உங்களுக்கு என்னப் பிடிக்காட்டிச் சொல்லுங்க. தையல் மெசினத் தங்கச்சிக்குக் குடுக்கிறதா வச்சிருக்கிறதா எண்டு தெரியணும். நான் கோவிக்க மாட்டன்.'

அவர் போனை வாங்கி அழைத்தார். ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. உன்ர மெசேஜ் ஒண்டும் நான் வாசிச்சதில்ல. பக்கத்தில இருக்கிற ஆள் இப்பதான் வாசிச்சுச் சொன்னவர். ஜன்னல் கிழக்குப் பக்கம். தையல் மெசினத் தங்கச்சிக்குக் குடு. நீ வாறாய்தானே? வைக்கிறன்."

வைத்துவிட்டார். பாட்டு இல்லை. வான் ஓட்டவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போன் சின்னதாக அடித்தது. குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. "மெசின் குடுத்தாச்சு. இனி நானும் கதைச்சே அனுப்புறன். ஆனா உங்களப் போல வெட்டி வெட்டிக் கதைக்க எனக்கு வராது, கேட்டுத்தான் ஆகணும்," என்று தொடங்கி ஆறு நிமிடம் ஓடியது. அவர் முழுவதையும் கேட்டார். அன்று மூன்று இயந்திரத்துக்குப் பிந்திப் போனோம்.

ஓகஸ்ட் கடைசியில் கம்பனிக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார். முடியை உச்சியில் முடிந்த கியூபெக் இளைஞர். கெட்டவர் இல்லை, எல்லோருக்கும் கை கொடுப்பார். இனிமேல் எல்லா வரிசையும் தினமும் மாறும் என்றார். எந்த இடத்தில் எது நன்றாக விற்கிறதோ அதன்படி கையடக்கக் கணினியில் ஒரு பட்டியல் வரும், அதைப் பார்த்து நிரப்ப வேண்டும். ஒக்டோபரில் ஒவ்வொரு சாரதிக்கும் ஒரு பரீட்சை. பட்டியலைப் பார்த்துக் கிடங்கில் ஒரு இயந்திரத்தை நிரப்பிக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு வான் இல்லை.

வான் இல்லையென்றால் வேலை இல்லை. மனைவியின் விண்ணப்பத்துக்குக் கம்பனியின் வேலைக் கடிதம் அந்த மாதக் கடைசிக்குள் வேண்டுமென்று வக்கீல் கேட்டிருந்தார். அங்கே அவள் தையல் மெசினையும் கொடுத்துவிட்டு இருந்தாள்.

"பொறுப்பாளரிட்டச் சொல்லுவம், அண்ணை. நல்ல பொடியன் மாதிரித்தான் கிடக்கு."

"சொன்னாக் கடிதம் தருவானா?"

எனக்குத் தெரியவில்லை. எனவே நாங்கள் வேறு வழி பார்த்தோம். பட்டியலை நான் பார்ப்பது, பானத்தின் பாட்டை மெல்ல முணுமுணுப்பது, அவர் அதைக் கேட்டு நிரப்புவது. அதற்கு நான் நாற்பத்துமூன்று பாட்டுப் படிக்க வேண்டும். என் தொண்டையில் நான்கு சுருதி உண்டு, நான்கும் ஒன்றுதான். டெக்காரி நெரிசலில் தினமும் எனக்குப் பாடம் நடந்தது. பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

"இது என்ன பாட்டு?"

"தண்ணி."

"தண்ணியா? இது ஆரோ கிணத்துக்குள்ள விழுந்த சத்தம் மச்சான். திருப்பிப் பாடு."

மிகவும் கஷ்டமானவை பீச் சாறும் நீல நிற விளையாட்டுப் பானமும். இரண்டு பாட்டையும் ஒரே பெண்தான் பாடியிருக்கிறாள், அடுத்தடுத்த இரண்டு கோடைகளில். முதல் கோடையில் சைக்கிளில் போய்க்கொண்டு பாடினாள், அது பீச். மறு கோடையில் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஓடிக்கொண்டு பாடினாள், அது நீலம். தொடக்கம் இரண்டும் ஒன்று போல. நான்காவது அடியில் முதல் கோடை மேலே ஏறும், இரண்டாம் கோடை கீழே இறங்கும். என்னுடையது ஏறவும் மாட்டாது இறங்கவும் மாட்டாது.

பரீட்சை நாள் வந்தது. பொறுப்பாளர் பட்டியலைப் பெரிய தாளில் அடித்து இயந்திரக் கதவில் ஒட்டிவிட்டு, நேரம் பார்க்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் பெட்டிகளை அடுக்குகிற ஆளாக நின்று முணுமுணுத்தேன். அவர் கேட்டுக் கேட்டு நிரப்பினார். தண்ணீர், கோலா, மேப்பிள் தண்ணீர், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. ஏழாம் வரிசை பீச். நான் பாடினேன். அவர் கை ஒரு கணம் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் நீல ரின்களை எடுத்து அடுக்கினார்.

முடிந்ததும் பொறுப்பாளர் வந்து ஏழாம் எண்ணை அழுத்தினார். நீல ரின் விழுந்தது. அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"மொசியூ, ஏழாம் வரிசையை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்."

அண்ணை தலையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றார். அவர் பேசி நான் கேட்ட பிரெஞ்சு வசனங்களில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.

பொறுப்பாளர் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு வாசிக்கத் தெரியும்தானே? திங்கட்கிழமையிலிருந்து இந்த வானை நீ எடு."

என் வாழ்க்கையில் எனக்கென்று எவரும் ஒரு வான் தந்ததில்லை. அவர் நீட்டிய வான் திறப்பை ஒரு விநாடி கையில் பிடித்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு சொன்னேன், "பிழை அவருடையது இல்லை. அவர் நான் பாடியதைத்தான் போட்டார். நான் இரண்டாம் கோடையைப் பாடிவிட்டேன்."

பொறுப்பாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதாமல் ஆங்கிலத்துக்கு மாறி, அதுவும் போதாமல் பாடிக் காட்டினேன். அவர் சிரித்தார். நம்பவில்லை. அப்படியானால் திரும்ப நிரப்பட்டும் என்றார். புதிய பட்டியல் ஒன்றை அடித்து என்னிடம் தந்து, என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். நான் சுவருக்குப் பாடினேன். பீச் வந்தபோது முழங்காலில் தாளம் போட்டு, நான்காவது அடியில் எட்டிக் கத்தினேன். பின்னால் அண்ணையின் குரல் கேட்டது. "இப்பதான் சைக்கிள் ஓடுது!"

எல்லாச் சாரதிகளையும்விட ஏழு நிமிடம் முந்தி முடித்தார். ஒரு வரிசையிலும் பிழையில்லை.

பொறுப்பாளர் இயந்திரத்தின் முன்னால் நெடுநேரம் நின்று உச்சி முடிச்சைச் சொறிந்தார். பிறகு கையடக்கக் கணினியை எடுத்து எதையோ தட்டினார். ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு ஒலியைப் பதிந்து வைக்க அதில் வசதி இருந்தது, கண் வேறு வேலையில் இருக்கிறவர்களுக்காக. "அவரைப் பாடச் சொல்," என்றார்.

கிடங்கில் சத்தமில்லாத இடம் கழிவறைதான். அங்கே இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நான் பெயரை வாசித்தேன், அவர் பாடினார். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, என் வேலை ஒவ்வொரு பாட்டாகக் குறைந்துகொண்டு போவது பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முப்பதாவது பாட்டில் நிறுத்தினார்.

"மச்சான், இது சரிவராதெண்டு சொல்லிப்போடவா? மெசின் ஒத்துக்கொள்ளயில்லையெண்டு சொல்லுவம்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. பாடுங்கோ. கடிதத்தை வாங்குங்கோ."

பாடினார்.

மாலையில் பொறுப்பாளர் என்னிடம், அண்ணையின் முதுகுப் பிடிப்பு மாறிவிட்டதாமே, இனி ஒரு வானுக்கு ஒரு ஆள் போதும் என்றார். கிடங்கில் நிலம் துடைக்கிற வேலை இருக்கிறது, விருப்பமா என்று கேட்டார். ஏழு மாதம் ஒரு இடத்தில் இருந்ததே எனக்கு அதிகம். வேண்டாம் என்று சொல்லி ஜாக்கெட்டை மடித்து வைத்தேன். அண்ணை வாசல்வரை வந்தார். அவர் கையில் கம்பனிக் கடிதம் இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் வாங்கி வாசித்துக் காட்டினேன். இரண்டு வரி. நிரந்தர ஊழியர், பதினொரு வருடம். திருப்பிக் கொடுத்தேன்.

"இனி எங்க?"

"தெரியாது, அண்ணை."

"நல்லம்," என்றார். உள்ளே போய்விட்டார். நான் நடக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் அவருடைய மனைவி வந்து இறங்கியதாகவும், கோட்-டெ-நெய்ஜில் உடுப்பு வெட்டித் தைத்துக் கொடுப்பதாகவும் பிறகு ஒருவர் சொல்லிக் கேட்டேன். அப்போது நான் வின்னிபெக்கில் இருந்தேன்.

வேலையை விட்டு நடந்து வந்த மறுநாள் காலை ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். அறுவடை முடிகிற காலம், எவருக்காவது ஆள் தேவைப்படும். பூசணிக்காய் மலைபோலக் குவித்திருந்த ஒரு கடையில் ஒரு இத்தாலியக் கிழவி நின்றாள். எவ்வளவு நாள் நிற்பாய் என்று கேட்டாள். பனி விழும்வரை என்றேன். உன்னைப் பற்றிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்றாள். எனக்கு இந்த நகரத்தில் தெரிந்த ஒரே எண்ணைக் கொடுத்தேன். அவள் போனை எடுத்து, கைகள் மண்ணாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பெட்டி மேல் வைத்தாள். என் பெயரைச் சொல்லி, இந்த ஆள் எப்படி என்று கேட்டாள்.

யப்பான் அண்ணை தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொன்னார்: "நல்ல ஆள். நல்லாத் தூக்குவான். நல்லா வாசிப்பான். பாட விடாதே."

வைத்துவிட்டார்.

கிழவி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற லொறியைக் கையால் காட்டினாள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பூசணிகளை இறக்கத் தொடங்கினேன்.